நானாவுடன் வருடத்துக்கு ஒரு சண்டை

மனைவி எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் அவளிடமே கொடுத்துவிட வேண்டுமாம். எழுத்து வேலை எனக்குப் புதிது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டும் கயிறுகளோடு மாரடித்தவன் நான். மிச்ச நேரத்தில் குத்துச்சண்டை. அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஐம்பதைத் தாண்டியவன் இன்னமும் மேடையேறுகிறான் என்றால் ஊர் இரண்டு காரணம்தான் சொல்லும். ஒன்று வறுமை, மற்றது விசர்ப் பைத்தியம். எனக்கு இரண்டும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இளம் வயதில் மாகாணப் போட்டியில் இரண்டாமிடம் எடுத்தவன். முதலாமிடம் எடுத்தவர் நானா. அந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் நான் ஓய்வதாக இல்லை, அவ்வளவுதான்.

நானா கிண்ணியாக்காரர். அங்கே சீமெந்தும் கம்பியும் விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். இரண்டுக்கும் கருத்து ஒன்றுதான். யார் உண்மையில் மூத்தவர் என்று நாங்கள் இதுவரை விசாரித்ததில்லை. விசாரித்தால் அதிலும் ஒருவர் தோற்க வேண்டி வரும்.

சித்திரை விளையாட்டு விழாவில், துறைமுகத்தை அண்டிய பழைய மண்டபத்தில், பொடியன்களின் போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகு மூத்தோர் போட்டி என்று ஒன்று வைப்பார்கள். மூத்தோர் என்பது நாங்கள் இருவர் மட்டும்தான். எங்கள் காலத்து ஆட்களில் சிலர் கனடாவில், சிலர் கட்டிலில், சிலர் மண்ணுக்குள். சனம் பாதிக்கு மேல் எழுந்து போய்விடும். இருப்பவர்கள் கச்சான் கடலையின் கோதை உடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் அந்தக் கோதுகளுக்காக வாசலில் காத்திருக்கும். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டதில்லை. மேடையில் நிற்கும்போது நான் வேறு ஆள்.

தைப்பொங்கல் முடிந்ததும் நான்தான் நானாவுக்கு போன் எடுப்பேன். இந்த வருடமும் எடுத்தேன். "என்ன நானா, சித்திரைக்கு ஆயத்தமோ?" என்று கேட்டேன். "வீட்ட எல்லாரும் சுகமா?" என்று இரண்டு தரம் விசாரித்தார். பிறகு, "சரி அண்ணன், வாறன்" என்றார். கடையில் ஆள் நிற்கிறது, அதுதான் யோசித்துக் கதைக்கிறார் என்று நினைத்தேன்.

கையுறைகளை எடுக்க அலுமாரியைத் திறந்தால் அவை அங்கே இல்லை. குசினியில் நின்ற மனைவியிடம் கேட்டேன். "திரும்பவுமோ?" என்றாள். சட்டியைக் கழுவத் தொடங்கினாள். அவளுக்கு இந்த விளையாட்டு எப்போதும் பிடிக்காது என்பதால் நானும் வாக்குவாதப்படவில்லை. கடைசியில் நானாவுக்குப் போன் எடுத்துக் கேட்டால், கையுறைகள் அவர் வீட்டில் இருந்தன. போன சித்திரையில் அவருடைய பையோடு மாறிப் போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பஸ் ஏறிப் பாலம் கடந்து போய் வாங்கி வந்தேன். நானாவின் மனைவி தேத்தண்ணி தந்தா. வழமையாகக் கலகலவென்று கதைப்பவ அன்று உள்ளேயே நின்றுகொண்டா.

இதே காலத்தில்தான் என்னைக் கயிற்று வேலையிலிருந்து எடுத்துக் களஞ்சியத்தில் போட்டார்கள். கயிற்று வேலை ஆபத்தானது. கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் ஒரு காலை மாற்றி வைத்தால் ஆள் சட்னிதான். மேற்பார்வையாளர், "இனி உள்ளுக்கு இருங்கோ, நிழல்" என்றார். வயதுக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் பக்கத்துக் குத்துச்சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. கையுறை போடுவதற்கு முன் விரல்களையும் மணிக்கட்டையும் நீளத் துணிப்பட்டியால் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தக் கட்டை நம் ஆட்கள் போடக்கூடாது, எதிராளிதான் போட வேண்டும். முன்பொருகாலம் எவனோ பட்டிக்குள் நனைத்த சீமெந்தை மறைத்துக் கட்டி வந்து ஒருவனுடைய தாடையைப் பெயர்த்தானாம். அதிலிருந்து வந்த வழக்கம். போட்டி முடிந்ததும் கட்டை அவிழ்ப்பதும் எதிராளிதான். பொடியன்கள் இப்போது ஏனோதானோவென்று செய்கிறார்கள். நானும் நானாவும் மண்டபத்தின் பின்னறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, ஒருவர் கையை மற்றவர் மடியில் வைத்து, ஆறுதலாகக் கட்டுவோம்.

இந்தச் சித்திரையில் அவர் என் கையைக் கட்டும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், கோழி நிலத்தைப் பார்ப்பதுபோல. பட்டியின் நுனி கைநழுவி விழுந்தது. அதைத் தேடக் கதிரையின் இடது பக்கம் தடவினார். பட்டி அவர் காலடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் காணாது என்றார்.

முதலாம் சுற்றில் என் வலக்கை போனது. அது அவருடைய இடப்பக்கத்துக்கு வரும் அடி. இத்தனை வருடத்தில் அந்த அடியை அவர் தோளாலேயே தள்ளிவிடுவார், நான் அலுத்துப்போன அடி அது. அன்று தோள் அசையவேயில்லை. அடி கன்னத்தின் மேல்பக்கம் விழுந்தது. அவர் முகத்தில் வலியைவிடத் திகைப்புத்தான் கூடத் தெரிந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் மனிதருக்குப் பார்வை இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அந்தப் பக்கத்தால் நான்கு அடி கொடுத்தால் இளமையில் கிடைக்காத முதலாமிடம் அன்றே கிடைத்துவிடும். ஆசை வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. மிச்சச் சுற்றுகள் முழுக்க அவர் பார்க்கக்கூடிய பக்கத்திலேயே நின்று இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தேன். அவரோ வழமைபோல என் வயிற்றையும் விலாவையும்தான் குத்தினார். தலைக்கு ஒன்றும் வரவில்லை. பல வருடங்களாக என் தலையில் அவருடைய அடி விழுந்ததில்லை. என் காப்பு அவ்வளவு இறுக்கம் என்று களஞ்சியத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்திருக்கிறேன். நடுவர் அவர் கையைத் தூக்கினார். இருந்த கொஞ்சச் சனமும் கலைந்தது.

பின்னறைக்கு வந்தோம். கட்டை அவிழ்க்க அவர் கையை என் மடியில் வைத்தேன்.

"நானா, இடது கண் தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓரம் தெரியாது. நேர பாத்தா கொஞ்சம் தெரியும். இன்னொரு அடி சரியா பட்டா மிச்சமும் போயிரும் எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. "பிறகென்னத்துக்கு வந்தனீங்கள்? என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூப்பிட்டிருப்பனோ?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்க்காமல், நேராக.

"சொன்னேன் அண்ணன்."

"எப்ப?"

"போன வருசம். இதே அறையில, இப்பிடி கட்டு அவுக்கக்குள்ள. நீங்க இதே கேள்விதான் கேட்டீங்க. நான் இதத்தான் சொன்னேன். நீங்க அழுதீங்க. இனி வேணாம், விட்டிருவம் எண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்தம். ஒங்கட கையுறையயும் நீங்கதான் என்ட பையில வெச்சீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்து, போன வருடத்துப் போட்டியை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மணி அடித்தது ஞாபகம். நடுவர் கை தூக்கியது ஞாபகம். அதற்குப் பிறகு வீடுதான் வந்தது. நடுவில் இந்த அறை இல்லவே இல்லை.

"பிறகு பொங்கல் முடிய போன் எடுத்தீங்க," என்றார் நானா. "ஒண்டும் நடக்காத மாதிரி, ஆயத்தமா எண்டு கேட்டீங்க. ஒங்கட வீட்டாக்கள்ட்ட கேட்டன். இவருக்கு இப்ப இப்பிடித்தான், சொன்னாலும் மனசில நிக்கிதில்ல எண்டாங்க."

"வரேலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"நான் வரல்ல எண்டா வேற ஒரு பொடியன நிப்பாட்டச் சொல்லி நீங்க கேப்பீங்க. அவன் தலையில அடிப்பான். நான் அடிக்க மாட்டேன். நீங்க மறக்கத் தொடங்கினத கண்ட நாள்ல இருந்தே ஒங்கட தலைய நான் தொட்டதில்ல."

அவருடைய கைக்கட்டு பாதி அவிழ்ந்து என் முழங்காலில் கிடந்தது. அலுமாரி, "திரும்பவுமோ?", கிண்ணியாவில் குடித்த தேத்தண்ணி, களஞ்சியத்து நிழல் என்று ஒவ்வொன்றாக வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன. நான் ஒரு கண்ணுக்காக இரங்கிக்கொண்டிருந்தேன், அந்தக் கண்ணோ என் தலைக்குக் காவல் நின்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் கூட.

"அப்ப போன வருசமும் நான் அந்த வலக்கையைப் போட்டனானோ?"

"ஒண்டு போட்டீங்க. அது பட்ட ஒடன ஒங்களுக்கு விளங்கிச்சு. பிறகு அந்தப் பக்கமே வரல்ல. இந்த வருசமும் அப்பிடித்தான்." கன்னத்தைத் தடவினார். "அந்த முதல் அடிதான் அண்ணன் எனக்குப் பயம்."

கட்டை முழுதாக அவிழ்த்துச் சுருட்டினேன். கையுறைகளை அவரிடம் நீட்டினேன். "கொண்டு போங்கோ. நான் வந்து கேட்டாலும் தராதேங்கோ."

"அதையும் போன வருசம் சொன்னீங்க."

"பிறகு ஏன் தந்தனீங்கள்?"

"வாசல்ல வந்து நிண்ட சந்தோசத்தப் பாத்தா, ஒங்களுக்கு இல்ல எண்டு சொல்ல ஏலாது அண்ணன்."

பஸ் நிறுத்தத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டார் சைக்கிளை அவர் எப்போதோ விற்றுவிட்டார், கண்ணுக்காக. அதுவும் அன்றுதான் எனக்குத் தெரியும், அல்லது அன்றும் ஒருமுறை தெரியவந்தது. மீன் லொறிகள் ஓடும் தெரு அது. அவருடைய இடப்பக்கமாக நின்று கையைப் பிடித்துக் கடந்தோம். பஸ்ஸில் ஏறும்போது திரும்பிக் கேட்டார்.

"நாளைக்கும் ஞாபகம் இருக்குமா அண்ணன்?"

"நாளைக்கு இருக்கும்," என்றேன். தை மாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடமும் இப்படி வந்து சொன்னேனாம். இந்த முறை சூடாறுவதற்குள் எழுதிவிடுங்கள் என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அலுமாரியில் கையுறையைத் தேடும் நாளில் இதைக் கையில் தருவாளாம். இது நான் எழுதியது என்று நம்பமாட்டேன், சண்டை பிடிப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் அந்த நாளில் இதை வாசிக்கிறவனுக்கு நேராகவே சொல்கிறேன். நானாவுக்கு இடது கண்ணில் ஓரம் தெரியாது. நீ கூப்பிட்டால் அவர் வருவார். போனை வை.