அம்மா பேசிய குரல்

பழைய பொருள் சந்தையில் ஒரு வீடியோ கசெட் பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக்கும் தூசும் கலந்த அந்த மணம், ஸ்டுட்கார்ட்டில் அம்மா துப்புரவு செய்த, இப்போது இல்லாத வீடியோக் கடைக்கு என்னைக் கொண்டுபோனது.

விடுமுறைக் காலைகளில், கடை திறக்கும் முன், அம்மா ஒரு அமெரிக்க அடிதடி நடிகரின் படத்தை ஓடவிடுவார்; ஜேர்மன் மொழியில் டப் செய்த அவருடைய வசனங்களை, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே தாழ்ந்த, அவசரமில்லாத குரலில் திருப்பிச் சொல்லுவார். அந்த நடிகர் முதற்படங்களில் வந்தவுடன் செத்துப்போகும் அடியாள், பிறகு வில்லன், கடைசியில் அட்டை முழுக்க அவர் முகம்தான்.

"எத்தினை படத்தில செத்துச் செத்து இந்த ஆள் மேல வந்தவர், பார்" என்பார் அம்மா.

அகதிகளாய் வந்த எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த காலம் அது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன் அம்மா, "நீங்கள் இருங்கோ, நானே கதைக்கிறன்" என்றார். பிறகு அந்த நடிகரின் குரலிலேயே ஜேர்மன் மொழியில் தொடங்கினார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

அண்மையில் அந்த நடிகரின் சொந்த ஆங்கிலக் குரலைக் கேட்டேன். மெல்லிய, பதறுகிற குரல். உடனே நிறுத்திவிட்டேன். அவர் அம்மாவின் குரலில் பேசினால்தான் எனக்கு நம்பிக்கை.