பெண்கள் வரிசையில் நின்ற காலை

இடுப்புக்குச் சூடு வேண்டும். தலைக்குச் சூடு ஆகாது. இடுப்புக்குப் பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும். தலைக்குப் படுத்தால் இடி கூடும், சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு விடாது. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை அந்த நாட்களில் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. பாதி கேட்பார்கள். பாதி கேட்டதும் வைத்தியம் சொல்வார்கள்.

சூரியநெல்லிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கவாத்து வேலை. குனிந்து நின்று செடியின் தலையை வெட்டுகிற வேலை. வருடக்கணக்காகக் குனிந்ததில் இடுப்பு போனது. தலைவலி அதற்கு முன்பே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வரும். முதலில் இடது கண்ணின் ஓரம் வெளிச்சம் நெளியும். அப்புறம் அந்தக் கண்ணுக்குப் பின்னால் யாரோ உளி வைத்து அடிப்பது போல இருக்கும். வாந்தி எடுக்கும். வெளிச்சமும் சத்தமும் வாசனையும் சத்துரு.

தலைக்கு ஒரு துண்டை இறுக்கிக் கட்டுவேன். இடுப்பில் பழைய சாக்கை மடித்துக் கட்டுவேன். தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்:

"மேலயும் கட்டு, கீழயும் கட்டு. எந்த ஊருக்குவே பார்சல்?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். நான் ஏன் சிரித்தேன்? எனக்குப் பேச வராது. நாலு பேர் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் எழுந்து நின்று பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தத் தோட்டத்தில் உடம்பு முடியாதவனும் காலையில் பெரட்டுக்கு வர வேண்டும். எல்லாரும் வரிசையில் நின்று ஆள் கணக்குக் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போகிற இடம் அது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நடக்க முடியாதவன் நடந்து வந்து, பனியில் நின்று, நடக்க முடியவில்லை என்று சொன்னால்தான் டிஸ்பென்சரிக்குச் சீட்டு. நடந்து வந்திருக்கிறானே, அப்புறம் என்ன நோவு என்று கண்டக்டர் கேட்பார். கண்டக்டர் என்றால் தோட்டத்து ஆட்களை மேய்க்கிற அதிகாரி. கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு நாளும் விட்டதில்லை.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் மலையாளி. அவரிடம் ஒரு சட்டம் உண்டு.

"எந்தா அசுகம்?"

"இடுப்பு, சார். அப்புறம் தலை..."

"ஒரு சீட்டுக்கு ஒரு அசுகம் மதி. ஏது வேணும், பற."

ஒரு சீட்டுக்கு ஒரு நோவுதான், கடையில் சாமான் கேட்பது போல, எது வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பின்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். இடுப்பு என்றேன். பச்சை நிறத் தைலம் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார். அதைத் தேய்த்த அரை மணியில் அதன் காரமான வாசனை மூக்கில் ஏறித் தலை பிளந்தது. மறுவாரம் தலைக்குச் சீட்டு வாங்கினேன். மாத்திரை கொடுத்து, "அனங்காம கிட" என்றார். நாள் முழுக்க அசையாமல் கிடந்ததில் இடுப்பு பூட்டிக்கொண்டது. என் மனைவி தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

கவாத்து இனி முடியாது என்று ஆனபோது லைட் ஒர்க் கொடுத்தார்கள். பேர்தான் லைட். ஃபாக்டரியில் தூள் சலிக்கிற அறை. ஸ்டூலில் உட்கார்ந்து, சல்லடையிலிருந்து கொட்டுகிற தூளைச் சாக்கில் பிடிக்க வேண்டும். இடுப்புக்கு நல்ல வேலை என்றார்கள். குனிந்து வெட்டுவதற்கு அது தேவலைதான். ஆனால் அந்த அறையில் ஒருவர் காதில் ஒருவர் கத்தினால்தான் கேட்கும். தூள் மூக்கில், கண்ணில், தொண்டையில். இரண்டாம் நாள் மத்தியானம் கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. எழுந்து போவதற்குள் சாக்கின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். தூள் ஒரு சாக்கு பாழ். ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கர் வந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தார்.

கம்பவுண்டரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இடுப்புன்னு சொன்னது நீ. லைட் ஒர்க் வாங்கிச்சது நீ. இப்ப தலையா? நாளைக்குக் காலு வருமோ?"

அடுத்த மாதம் பெரிய டாக்டர் வருவார், வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று எழுதிவிடுவார் என்றும் சொன்னார். ஆகாது என்று எழுதினால் லயத்து வீட்டை விட வேண்டும். எனக்கு வேறு வீடு கிடையாது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஆனால் அங்கே எங்களுக்கு நிற்க ஒரு நிழல்கூட இல்லை. என் மனைவி கொழுந்து பறிக்கிறவள்தான். ஆனால் வீடு என் பேரில் இருந்தது. அவள் பேருக்கு மாற்றுவார்களா என்று கேட்டுப் பார்த்தோம். பார்க்கலாம் என்றார்கள். அங்கே பார்க்கலாம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம்.

வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

"நர்சரிக்குப் போயிருங்க" என்றாள்.

"அது பொம்பளைக வேலைல்லா."

"வேலைக்கு மீசை இருக்கா? அங்க நிழலு இருக்கு. சத்தம் கிடையாது. உக்காந்து பையில மண்ணு போடணும். வலிச்சா எந்திரிச்சு நிக்கலாம். வேற எங்க இருக்கு இதெல்லாம்? நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். அந்தத் தோட்டம் முழுக்க, இரண்டு நோவும் சண்டை போடாமல் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். மேலே தட்டிப் பந்தல். ஈர மண் வாசனை எனக்கு ஒன்றும் செய்யாது. பையில் மண் நிரப்பி, ஒரு இலையோடு வெட்டிய தேயிலைத் தண்டை நட்டு, தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு ஆண்கூட அங்கே உட்கார்ந்ததில்லை.

கண்டக்டரிடம் மனைவியே கேட்டாள். யூனியனில் கேட்டு வா என்றார். யூனியன் செயலாளர் எங்கள் ஆள்தான், எனக்குத் தூரத்து முறையில் மைத்துனர். நான் போனபோது அவர் ஃபாக்டரி வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நல்லாக் கேட்டுக்கோங்க. அங்க பொம்பளைச் சம்பளம். நீங்க ஒருத்தர் அதுக்கு ஒத்துக்கிட்டு உக்காந்தா, நாளைக்கு வயசான ஆம்பளை அத்தனை பேரையும் அதே சம்பளத்துல உக்கார வச்சிருவான். நாங்க எத்தனை வருசமா சண்டை போடுதோம்."

"எனக்கு முடியலையே."

"ஒரு ஆளுக்காகச் சங்கம் வளைய முடியுமா? ரெண்டு நோவுல ஒண்ணத் தேத்திக்கோங்க. மத்தத நாங்க பேசுதோம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை அடித்தவர்கள் எல்லாரிடமும் ஒரு நியாயம் இருந்தது. கம்பவுண்டருக்கு வரிசை, டீமேக்கருக்குத் தூள், யூனியனுக்குக் கூலி. என் ஒருவனிடம்தான் நியாயம் இல்லை, இரண்டு நோவு மட்டும் இருந்தது. பெண்களுக்கு ஏன் அந்தக் குறைந்த சம்பளம், அதற்கு என்ன சண்டை போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது.

மறுநாள் பெரட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். பனி காது மடலை அறுத்தது. ஆண்கள் வரிசைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. அவள் பின்னாலேயே போய்ப் பெண்கள் வரிசையில் நின்றேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கால் போனது.

முதலில் சத்தம் அடங்கியது. பிறகு ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்:

"அண்ணாச்சி, தாவணி கொண்டு வரட்டுமா?"

என் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "கொண்டா. உனக்குக் கட்டிவிட்டு ஒரு கூடையும் தாரேன். சாயங்காலம் வரைக்கும் கொழுந்து எடுத்துட்டு வந்து சிரி."

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிப்பு நின்றது. செயலாளர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். என் காது சுட்டது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓட இடுப்பு விடாது.

கண்டக்டர் வரிசையை எண்ணிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"என்னவே இது?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "நர்சரி" என்று மட்டும் வந்தது.

கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம். அவருக்கு ஆட்களை அனுப்புகிற அவசரம். செயலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போய்த் தொலை. சம்பளம் பொம்பளைச் சம்பளந்தான். அப்புறம் எங்கிட்ட வராத" என்றார்.

நர்சரியில் பெண்களுக்குத்தான் கஷ்டம். நான் உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சு வெட்டுப்பட்டது. ஒருத்தி சொன்னாள், "நீங்க அந்தப் பக்கம் பாத்து உக்காருங்க அண்ணே. நாங்க எங்க மாமியாரத் திட்டணும்." வேலியைப் பார்த்து உட்கார்ந்து மண் நிரப்பினேன். தலைவலி வந்த நாட்களில் மணல் குவியலின் மேல் சாக்கைப் போட்டுச் சாய்ந்துகொள்வேன். மணல் இடுப்புக்கு ஏற்றபடி குழியும். தலை உயரத்தில் இருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டுக்கும் ஒரே இடம்.

பெரிய டாக்டர் வருகிற நாளுக்கு நான் பேச்சைத் தயார் செய்தேன். பையில் மண் போட்டுக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கே ஆரம்பிக்கிறது, எது எதைக் கிளப்பிவிடுகிறது என்று வரிசையாக. எதையும் விட்டுவிடக்கூடாது என்று இருந்தேன்.

அவர் ஜீப்பை விட்டு இறங்கிப் பந்தல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. கண்டக்டரிடம் கேட்டார்.

"இந்த ஆளா? வேலை செய்யறானா?"

"செய்யறான் சார்."

"அப்ப சரி."

எழுதிக்கொண்டு போய்விட்டார். கையில் மண்ணோடு நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

வீடு தப்பியது. அன்று சாயங்காலம் என் மனைவி கருவாடு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். நான் தட்டைத் தொடவில்லை.

"வீடு இருக்குல்லா? பிறகென்ன, சாப்பிடுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"கேட்டா நீங்க சொல்லிருவீகளாக்கும்."

"சொல்லிருப்பேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய கால்களை நீட்டிக்கொண்டாள்.

"சரி, நான் கேக்கேன். எங்க வலிக்கு?"

இடது கண்ணோரத்தில் ஆரம்பித்தேன். ஒன்றும் விடாமல் சொன்னேன், குரலை உயர்த்தித்தான் சொன்னேன், அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று. இடுப்புக்கு வருவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது. நான் நிறுத்தவில்லை.