பழைய எஸ்.எம்.பி.எஸ். தேடிப் போனேன்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. மாலைக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டி, பூஜைக்காகக் கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்த மனைவியைத் திட்டித் தீர்த்தேன். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போகப் பசுமலையிலிருந்து பஸ் ஏறினேன்.

"அண்ணே, பழசு ஒண்ணு மாட்டிவிடுங்க, அவசரம்" என்று கடைக்காரரை விரட்டினேன்.

அவர் பெட்டியைத் திருப்பினார். பின்பக்க சுவிட்சின் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு. வயரைச் சொருகி சுவிட்சைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஓடியது.

"பொட்டு வைக்கிறப்ப அமுக்கிட்டாங்க போல. காசெல்லாம் வேணாம்ணே, கொண்டு போங்க."

பொட்டு வைத்தது நான்.

வீட்டில் மனைவி தயங்கி, "எம்புட்டு ஆச்சுங்க?" என்றாள்.

"பழசுதான், கம்மியா முடிஞ்சது" என்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வீடு முழுக்கத் துடைத்தவள், கம்ப்யூட்டர் அருகே வந்ததும் துணியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.