ஏழால் வகுத்தால் மீதி மூன்று

போன மாதம் லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து கப்பல் கிளம்பும் முன், என் கணவர் போனில் ஓர் எண் சொன்னார்.

"எழுதிக்க மா. 1040399. இது பகா எண்ணா, பகு எண்ணா? நான் வாரதுக்குள்ள கண்டுபிடிச்சு வை."

மற்ற வீட்டுக்காரர்கள் கிளம்பும்போது பத்திரமாக இரு என்பார்கள். இவர் எண் கொடுப்பார். கடற்படையில் மெக்கானிக். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் படித்தபோது நாங்கள் இருவரும்தான் கணக்கில் போட்டி. கல்யாணம் ஆகியும் போட்டி ஓயவில்லை. கரையை விட்டுத் தூரம் போனால் போனுக்கு சிக்னல் கிடைக்காதே... அதற்குத்தான் இந்த எண்.

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வகுக்க ஆரம்பித்தேன். ஒற்றை எண், இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தாறு — மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தால் மீதி மூன்று. பதிமூன்றுக்கு மீதி ஒன்பது.

பக்கத்து கவுண்டர் ராணி அக்கா எட்டிப் பார்த்தார்.

"போன்ல போட்டா ஒரு செகண்ட்ல சொல்லிரும் லா. எதுக்கு இந்தப் பாடு?"

"சொல்லிருச்சுனா அப்புறம் நான் என்னக்கா செய்யறது?"

அக்கா தன் மைலோ கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அங்கே மழையா, அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா? எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஈப்போவில் மீதி மூன்று என்றால் நடுக்கடலிலும் மூன்றுதான். அது ஒன்றாவது நிச்சயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். (ஆள் இல்லாத வீட்டில் அதை ஏன் துவைத்தாய் என்று கேட்காதீர்கள்.) சட்டெனத் தோன்றியது — ஒன்றைக் கூட்டினால்? 1040400. அது 1020-இன் வர்க்கம் ஆயிற்றே! ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், அது முன் எண்ணையும் பின் எண்ணையும் பெருக்கி வருவது. அப்படியானால் நம் எண், 1019-ஐ 1021-ஆல் பெருக்கி வந்தது. பகு எண்தான்.

காரணிகள் இரண்டும் பகா எண்கள். இப்படி இரண்டே தள்ளி நிற்பவற்றுக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். இரண்டையும் மூன்றையும் விட்டால், பகா எண்கள் இதைவிட நெருங்கி நிற்கவே முடியாது. நடுவில் ஓர் இரட்டை எண் வந்து நின்றே தீரும்.

கையில் ஈரத் துணியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மனுஷன் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன்.

"பயணம் நீண்டுருச்சு மா. தீபாவளிக்கு வர முடியாது போல இருக்கு."

"ம்."

"விடை கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சாச்சு. போன்ல சொல்ல மாட்டேன்."

இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அப்ப இன்னொரு எண் தரவா?"

"எண்ணு போதும்ங்க. ஆளு வாங்க."

விடை அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.