சந்தனம் பட்ட துப்பாக்கிகள்

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி காவிரிப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பஸ்ஸில் ஏறியிருக்கலாமே என்று தோன்றியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தது. கோபத்தில் நடப்பவன் கண்ணுக்கு பஸ் தெரிவதில்லை. கோபம் யார் மேல் என்பதும் அப்போது சரியாகத் தெரியவில்லை.

ஒரு பழைய ஸ்கூட்டர் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. எண்ணெய் கருகும் வாசனை. உங்களுக்கு அது ஸ்கூட்டர் வாசனை. எனக்கு பலூன் சுடும் கடை வாசனை. ஸ்பிரிங்கில் வேலை செய்யும் காற்றுத் துப்பாக்கிக்குள் எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டால், சுடும்போது அழுந்திச் சூடாகும் காற்று அதைக் கருக்கிவிடும். குழல் வாயில் மெல்லிசாக ஒரு புகை வரும். முக்கொம்பு அணைக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் புகைக்குள் நின்றிருக்கிறேன். சட்டையைத் துவைத்தாலும் போகாது.

எட்டாவதை முடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். எங்கிருந்து, ஏன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சாப்பாடு கிடைக்காத கதைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். லாரியில் கிளீனர், லாட்ஜில் ரூம் பாய், செங்கல் சூளை என்று சுற்றி, முப்பது தாண்டிய வயதில் அந்த பலூன் கடைக்கு வந்து சேர்ந்தேன். துப்பாக்கிக் குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முளையை ஒரு தட்டுத் தட்டிக் கோணலாக்கி வைப்பது எங்கள் தொழில் தர்மம். நேராகக் குறி பார்க்கிறவனுக்கு பலூன் உடையாது. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற குழந்தைகளுக்கு உடையும். முதலாளிக்குக் குழந்தைகளைப் பிடிக்காது.

அங்கேதான் சம்பத் சாரைப் பார்த்தேன். மனைவி, மகனோடு அணையைப் பார்க்க வந்தவர். அவர்களை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு எங்கள் கடை முன்னால் வந்து நின்றார்.

"சுடுறீங்களா சார்?"

"சுடல. அந்தக் கடைசித் துப்பாக்கியக் கொஞ்சம் குடும். பாக்கணும்."

"பாக்குறதுக்கெல்லாம் குடுத்தா முதலாளி என்னைய சுட்டுருவாரு சார்."

"இந்தக் கோணல் துப்பாக்கியாலயா? நீர் பொழச்சுப்பீர்."

எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் நாங்கள் பச்சை பெயின்ட் அடித்திருந்தோம். நகத்தால் சுரண்டினார். பெயின்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன முத்திரை எட்டிப் பார்த்தது. "அடப் பாவிகளா! ஜெர்மன்காரன்யா இவன். இவனுக்குப் போய்ப் பச்சை அடிச்சு வெச்சிருக்கேளே!" என்றார். சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்டதைப் போன்ற குரல். மரத்தடியிலிருந்து அவர் மனைவி, "வரேளா இல்லையா? பையன் பசிக்கறதுங்கறான்" என்று கூப்பிட்டார். "இதோ" என்றார் சம்பத் சார். அவர்கள் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிவைத்து, மறுபடி வந்து கூப்பிடும்வரை அந்த 'இதோ' நீண்டது.

முதலாளியிடம் பேசி அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என் போனை வாங்கி ஓர் இணைய மன்றத்தைத் திறந்து காட்டினார். பழைய காற்றுத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்துப் பராமரிப்பவர்கள் கூடும் இடம். தமிழுக்குத் தனிப் பகுதியே இருந்தது. "நீரும் எழுதும். பலூன் கடைத் துப்பாக்கியப் பத்தி யாருமே எழுதல" என்றார்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆளுக்கொரு புனைபெயர். நான் 'பலூன்' என்று வைத்துக்கொண்டேன். பல் டாக்டர் ஒருவர், எஸ்டேட் மேனேஜர் ஒருவர், மைக்செட் கடைக்காரர் ஒருவர், எல்லோரும் என்னை 'பலூன் சார்' என்றார்கள். அதற்கு முன் யாரும் என்னை சார் என்றதில்லை. எந்த ஊரில் எந்த எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தால் நான் பலூன் சார். வேலையும் ஊரும் மாறிக்கொண்டே இருந்தன. மாறாத விலாசம் அது ஒன்றுதான்.

எனக்கும் சம்பத் சாருக்கும் அங்கே ஓயாத சண்டை. துப்பாக்கிக்குள் இருக்கும் தோல் வாஷருக்கு விளக்கெண்ணெய்தான் போட வேண்டும் என்பது அவர் கட்சி. கடையில் நாங்கள் தேங்காயெண்ணெய் விட்டுத்தான் காலம் தள்ளினோம் என்று நான் எழுதினேன். "பலூன் சார் சொல்வது தலைக்குப் பொருந்தும், துப்பாக்கிக்குப் பொருந்தாது" என்று பதில் போட்டார். எத்தனை பேர் சிரித்தார்கள்! எழுத்தில் அவ்வளவு வாயாடி.

அந்த மன்றத்திலேயே அதிகம் பேர் வந்து எழுதியது அவருடைய சந்தனப் பொட்டுப் பதிவில்தான். ஆயுத பூஜையன்று மிக்சி, ஃப்ரிட்ஜ், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள் இல்லையா? வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதற்கும் வைப்பார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியும்வரை எடுக்கக் கூடாது. ஈரச் சந்தனம் இரும்பின் மேல் அப்படியே கிடந்து காயும். அடியில் வட்டமாகத் துரு பிடித்துவிடும். தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் பழைய மெருகுதான் போகும். "குழலின் மேல் வட்டத் துரு இருந்தால் அது நம் ஊர் வீட்டில் வாழ்ந்த துப்பாக்கி என்று அறிக" என்று எழுதி, படமும் போட்டிருந்தார். மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் தங்கள் துப்பாக்கியின் வட்டத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

உடம்பு முடியாமல் போன காலத்தில் இன்னொரு பதிவு எழுதினார். தலைப்பு, 'எனக்குப் பிறகு'. எந்தத் துப்பாக்கி எந்த மன்ற நண்பருக்கு. எதையும் பாலிஷ் போடக் கூடாது. இந்த வகைக் காற்றுத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் தெளிவாக, நிதானமாக எழுதியிருந்தார். நாங்கள் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மைப் படம் போட்டோம். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. எழுதிவிட்டாரே, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். எழுதுவதும் சொல்வதும் ஒன்று என்று நம்பியவர்கள் கூடிய இடம் அது.

முதலில் படங்கள் போயின. நாங்கள் படங்களை ஏற்றிவைத்திருந்த இலவசத் தளம் மூடப்பட்டது. "அம்புக்குறி காட்டும் இடத்தைக் கவனியுங்கள்" என்று எழுத்து இருக்கும், மேலே வெறும் சாம்பல் கட்டம். பிறகு ஒருநாள் மன்றமே திறக்கவில்லை. நடத்தியவருக்கு அலுத்துவிட்டதாம். பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் மாவரைத்துக்கொண்டிருந்தேன் அப்போது. பழைய தளங்களின் நகல் கிடைக்கும் இடமொன்றில் தேடித் துழாவி, கிடைத்த பக்கங்களைப் படமாகப் பிடித்து போனில் வைத்தேன். 'எனக்குப் பிறகு' முழுசாகக் கிடைத்தது. அந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் சம்பத் சாருக்கு போன் போட்டேன். மகன் எடுத்தார். அப்பா தவறி மாசக்கணக்காகிறது என்றார்.

"துப்பாக்கிங்கல்லாம் இருக்குங்களா?" என்று கேட்டேன். "நேர்ல வாங்களேன்" என்றார். இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே வேலையை விட்டேன். அவர் சேர்த்ததை அவர் சொன்ன கைகளில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய நிஜப் பெயரும் விலாசமும் அவர் வீட்டில் எங்காவது எழுதியிருக்கும் என்று நம்பினேன். வாழ்க்கையில் ஒரு வேலையை முழுசாக முடித்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை.

ஸ்ரீரங்கத்தில் சம்பத் சார் வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு வரிசைக் கொக்கிகள் இருந்தன. ஒவ்வொரு ஜோடிக் கொக்கிக்கும் நடுவே துப்பாக்கி நீளத்துக்குச் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நீங்க அவரோட ஆபீஸா?" என்று கேட்டார் அவர் மனைவி.

"இல்லம்மா. ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டா? அவருக்கா?"

கேலி இல்லை. நிஜமான ஆச்சரியம்.

மகன் நேராகச் சொல்லிவிட்டார். "எனக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சுது சார். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க போலீஸ் வீட்டுக்கு வரும்னா. செவுரு பூரா துப்பாக்கி. லைசென்ஸ் எங்கன்னு பீரோ பூரா தேடினேன். ஒரு துண்டுக் காகிதம் இல்ல. பயந்துட்டேன். வெல்டிங் பட்டறைல குடுத்து எல்லாத்தையும் அறுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அறுத்தாத்தான் அது துப்பாக்கி இல்லேன்னு ஆகும்னு சொன்னா. மிச்சம் காயலான் கடைக்குப் போயிடுத்து."

"போலீஸ் வந்தாங்களா?"

"வரல. ஸ்டேஷனுக்குக் கூப்ட்டு கையெழுத்து வாங்கிண்டு அனுப்பிட்டா."

இல்லாத லைசென்ஸைத் தேடியிருக்கிறார். தேவையே இல்லாததால்தான் இல்லை. 'எனக்குப் பிறகு' பக்கத்தைத் திறந்து போனை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எனக்கு அந்த வரி தெரியும். 'என் மகன் பயந்த சுபாவம். அவனுக்கு நண்பர்கள் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.'

"பக்கத்து ரூம்லதானே சார் இருந்தேன்" என்றார். "சாப்பிட ஒண்ணாத்தானே உக்காருவோம். என்னப் பத்தி ஊரு பேரு தெரியாதவாகிட்டச் சொல்லிருக்கார். எங்கிட்டச் சொல்லப்படாதா?"

அவர் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்னப் பத்தி ஏதாவது எழுதிருக்காரா?"

தேடுவதுபோல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே இடம். வேறு வழியில்லாமல் படித்தேன். "இந்த வட்டம் என் மனைவியின் உபயம். இதற்கு மருந்து கிடையாது."

"என்ன வட்டம்?"

சந்தனத் துருவைப் பற்றிச் சொன்னேன்.

"இத நெறையப் பேர் படிச்சாளா?"

"ஆமாம்மா."

"சிரிச்சேளா எல்லாரும்?"

"சிரிச்சோம்மா."

"வருஷா வருஷம் நான் பொட்டு வெக்கறச்சே பக்கத்துலதான் நின்னுண்டிருப்பார். அவர் ஆசையா வெச்சிருக்கற சாமானாச்சேன்னு பெரிசா வெப்பேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லிருந்தா வெச்சிருப்பேனா?"

உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. மகன், அந்தப் பக்கத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டார். எண்ணைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, "வேண்டாம், விட்டுடுங்கோ" என்றார். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

பாலத்தின் மறுமுனைக்கு வந்தபோது கோபம் யார் மேல் என்று தெரிந்துவிட்டது. முன்பின் பார்க்காத ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் பேசிவிட்டு வீட்டில் ஊமையாக இருந்த மனிதர் மேல். எனக்கென்று எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் யாரும் இல்லாததால் அதைத் தப்பென்றே அறியாத என் மேலும் கொஞ்சம். துப்பாக்கிகள் ஏதோ உலையில் உருகிக் கட்டடக் கம்பியாகியிருக்கும். மன்றம் இல்லை. சம்பத் சாரைத் தவிர அதில் எழுதிய ஒருவருடைய நிஜப் பெயரும் எனக்குத் தெரியாது. அந்தப் பல் டாக்டரும் நானும் நாளைக்கு ஒரே டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றாலும், "கொஞ்சம் தள்ளி நில்லுய்யா" என்பதோடு முடிந்துவிடும்.

இரவு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன். காலையில் டீக்கடை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. பழைய சாமான் எடுக்கும் வண்டி. லோடு ஏற்றும் ஆள் வரவில்லை என்று ஓனர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் வரவா என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார். தில்லை நகரில் ஒரு வீடு. பெரியவர் இறந்துவிட்டாராம், மாடி ரூமைக் காலி செய்கிறார்களாம்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓனர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. எந்தச் சாமானையும் கையில வெச்சுக்கிட்டு இது என்னது, யாரோடதுன்னு அவங்ககிட்ட கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா நின்னு யோசிக்க ஆரம்பிச்சுருவாங்க. அப்புறம் நமக்கு லோடு கெடைக்காது. புரியுதுங்களா?"

"புரியுதுங்க" என்று சொல்லிவிட்டு, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.