கிணற்றுப் பேய் மீன் கூட்டுவாளா?

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரே ஆசைதான்: வாசிக்கிறவர் ஒரு தடவையாவது பயந்து பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆசையோடு அவசரமும் சேர்ந்திருந்தது. இணைய இதழ் ஒன்று என் குட்டிக் கதையைப் போட்டுவிட்டு, அதே பேயை வைத்துத் தொடர் எழுதித் தரச் சொல்லியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மட்டுமே பயமுறுத்திப் பழகிய நான், சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

கதை இதுதான். கிணற்றில் விழுந்து செத்த பெண் ஒருத்தி, அந்தியில் கொளத்தூரில் பஸ் இறங்கி வந்து தண்ணீர் இறைப்பவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "பசிக்குது" என்பாள். அடுத்த நொடி இறைத்தவரும் உள்ளே.

தொடரைத் தொடங்குமுன் நாலு பேர் பயப்படுகிறார்களா என்று பார்க்கவேண்டுமே! கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாசகசாலையில், ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சைக்கு, அதாவது கதை விவாதக் கூட்டத்துக்கு, என் கதையைக் கொடுத்தேன். அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள். படித்தது மலையாளம் என்பதால் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆகவே செயலாளரே உரக்க வாசித்தார், ஆண்டறிக்கை வாசிக்கும் அதே குரலில். "பசிக்குது" என்ற இடத்தில் நிறுத்தி ஒரு வாய் சாயா குடித்தார்.

முதலில் எழுந்தவர் ஆட்டோக்காரர். "டீச்சரே, அந்தி கழிஞ்சா தனுவச்சபுரத்தில இருந்து கொளத்தூருக்கு பஸ்ஸு எங்க உண்டு? உங்க ஆளு எப்படி வந்து எறங்கினான்?"

பேயை நம்பிவிட்டார், பஸ்ஸைத்தான் நம்பவில்லை.

பேக்கரிக்கார அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "செத்த பிள்ள பசிக்குதுன்னு சொல்லுகு. ஒரு பிடி சோறு குடுக்க ஒருத்தரும் இல்லியா? பாவமாக்கும்!" கூட்டமே உச்சுக்கொட்டியது. இது நல்ல குடும்பக் கதை என்று சொல்லிச் செயலாளர் சர்ச்சையை முடித்துவைத்தார். எனக்கு வந்த கோபத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

கூடவே என் மாமியாரும் வந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் மனுவாகத்தான் வாசிப்பார்.

"கெணறு எது மக்கா?"

"கற்பனை அத்தை."

"கற்பனையில வெள்ளம் ஊறுமா?"

தண்ணீர் ஊறும் கிணறுதான், நம் வீட்டுக் கிணற்றைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றேன். அதோடு தீர்ந்தது கதை.

எங்கள் பக்கத்தில், அகாலத்தில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். வயிறு நிறைந்தால் பேசாமல் போய்விடுவார்களாம். நான் இட்டுக்கட்டிய பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கிணற்றடியில் இலை விழுந்தது. சோறு, பருப்பு, அவியல், பாயசம் எல்லாம் உண்டு. மாமியார் வெல்லத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அந்த நேரம் பேக்கரிக்கார அக்கா ஒரு தூக்குச்சட்டியில் வறுத்த மீனோடு வந்து நின்றார். எங்கள் வீடோ சுத்த சைவம். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ மீனு கூட்டுவாளா மக்கா?" என்றார் மாமியார்.

எழுதியவள் நான்தானே, நான்தான் சொல்லவேண்டும். அவள் மீன் சாப்பிடுகிறவளா என்று யோசித்துப் பார்த்தேன். "கூட்டுவா அத்தை."

மாமியார் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மீனுக்குத் தனியாக ஓர் இலை போட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் கையாலேயே பரிமாறினார்.

மறுநாள் காலையில் தொடருக்கு உட்கார்ந்தேன். 'கிணற்றிலிருந்து ஒரு கை நீண்டது' என்று தட்டினேன். காப்பி கொண்டுவந்த மாமியார் திரையை வாசித்துவிட்டு அப்படியே நின்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே முகம் வாடியிருந்தது.

"நேத்து போட்ட சோறு அவளுக்குப் பத்தல்லியா மக்கா?"

சிரிப்பு வந்தது. ஆனால் நான் எழுதிய எந்த உயிருக்காகவும் இதுவரை யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை. தொடர் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"வயிறு நெறஞ்சுட்டு அத்தை" என்று சொல்லி, அந்தக் கையை அழித்தேன்.