பதவியேற்பு நாளில் நாங்கள் பாடியது

எங்கள் பாடகர் குழாம் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரால் உடைந்து போனது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஸ்காபரோவில் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசைக்குப் பாடுகிற சின்னக் கூட்டம் நாங்கள். எல்லைக்கு அப்பால் நடக்கும் தேர்தலுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதற்கு முன்னும் நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு நாளின் நத்தார்ப் பூசையில் யார் தனியாகப் பாடுவது, பழைய மெட்டா புது மெட்டா, யாழ்ப்பாணத்தார் பாடுகிற விதமா மன்னாரார் பாடுகிற விதமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறோம். ஊர் அரசியலில் ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லும் அளவுக்கும் போயிருக்கிறோம். ஆனால் அடுத்த ஞாயிறு வந்துவிடும். ஓகன் வாசிக்கும் அண்ணை முதல் சுரத்தை அழுத்துவார். எல்லாரும் எழுந்து நிற்போம். பாடத் தொடங்கினால் மூச்சு எடுக்கிற இடங்கள் ஒன்றாக வந்துவிடும்.

எனக்கு இடப்பக்கம் நின்றவர் மோர்னிங்சைட்டில் இருந்து வரும் ஓர் அக்கா. கோவிலில் எல்லாருக்கும் அவர் மோர்னிங்சைட் அக்காதான். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக்காரி. கனத்த, அசையாத குரல். என் குரல் தடுமாறுகிற இடத்தில் அவருடைய குரலில் கொஞ்சம் சாய்ந்துகொள்வேன். பனிக்காலத்தில் எனக்குக் கார் ஓடப் பயம் என்பதால் நான் இருக்கும் வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போவார். என் கணவர் மாரடைப்பில் போனபோது கேட்காமலே வந்து என் வீட்டில் தங்கினார். என் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, என்னை வற்புறுத்திச் சாப்பிட வைத்தார். சொந்த அக்கா இருந்திருந்தாலும் அதைவிடச் செய்திருக்க மாட்டார்.

அவருடைய மகன் ஒஹாயோவில் ஒரு பெற்றோல் நிலையம் நடத்துகிறான். ஒருமுறை கொள்ளையடிக்க வந்தவர்கள் அவனைத் தோளில் சுட்டுவிட்டுப் போனார்கள். பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தக் கையை இன்றும் முழுதாக உயர்த்த முடியாது. நாட்டில் சட்டம் ஒழுங்கு இல்லை, கண்டவனெல்லாம் உள்ளே வந்துவிட்டான், தேர்தலில் நிற்கும் இந்த மனிதர் வந்தால்தான் திருந்தும் என்று அவன் நம்பினான். அவன் சொன்னதை அக்காவும் நம்பினார்.

எனக்கோ நியூ ஜேர்சியில் ஒரு தம்பி. யுத்தம் முடிந்த பிறகு தென்னமெரிக்கா வழியாகக் கால்நடையாகவும் பஸ்ஸிலும் வந்தவன். கனடாவுக்கு, என்னிடம் வரத்தான் புறப்பட்டான். அமெரிக்காவில் பிடிபட்டு, அங்கேயே அகதி வழக்குப் போட்டு, அது தோற்று, ஆனாலும் திருப்பி அனுப்பாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. கோடையில் நான் போய்ப் பார்ப்பேன். அவனால் இந்தப் பக்கம் வர முடியாது.

தேர்தல் முடிந்து முடிவு தெரிந்த ஞாயிறு காரில் போகும்போது நானும் அக்காவும் காலநிலை பற்றி மட்டும் கதைத்தோம். அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை தாண்டியிருப்போம்.

என் மகள் இசை நிகழ்ச்சிகள் ஒழுங்கு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மார்கழி மாதத்தில் ஒருநாள் வேலையால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"அம்மா, பதவியேற்பு அண்டைக்கு டவுன்டவுனிலை ஒரு கொன்சேர்ட். புரொட்டெஸ்ட் கொன்சேர்ட். பெரிய ஸ்ரார்ஸ் எல்லாம் வருகினம்." உலகமெல்லாம் தெரிந்த ஒரு பாடகியின் பெயரையும் சொன்னாள். "அவவுக்குப் பின்னாலை நிண்டு பாட இமிகிரன்ட் கொயர்ஸ் தேடுகினம். ஒவ்வொரு பாஷையிலையும் ஒரு வரி. நான் உங்கடை கொயரைச் சொல்லிப்போட்டன். சீரியஸ்லி அம்மா, உலகமே பாக்கும்."

எனக்குத் தம்பியின் முகம்தான் வந்தது. உலகமே பார்க்கும் ஓர் இடத்தில் அவனுக்காக ஒரு வரி பாடலாம் என்றால் ஏன் விட வேண்டும் என்று தோன்றியது. பாட்டுப் பாடி யாரையும் காப்பாற்ற முடியாது என்று தெரியாத வயதில்லை எனக்கு. தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

கோவில் மண்டபத்தில் அண்ணை இதை எடுத்துச் சொன்னபோது முதலில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பாடகியின் பெயரைக் கேட்டதும் இளம் பெண்கள் இருவர் கை தட்டினார்கள். பிறகு ஒருவர் அது எதற்கான நிகழ்ச்சி என்று கேட்டார். அண்ணை சொன்னார். கை தட்டியவர்கள் கையை இறக்கினார்கள்.

"கருக்கலைப்புக்கு எதிராய் நிக்கிற ஒரே ஆள் அவர்தான்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "கோவில் பேரிலை போய் அவருக்கு எதிராய்ப் பாடச் சொல்லுறியளோ?"

"போனமுறை ஆட்சியிலை இருக்கேக்கை பிள்ளையளைத் தாய்மாரிட்டை இருந்து பிரிச்சு அடைச்சவர் அவர்," என்றார் இன்னொருவர். "அதுக்கு எதிராய்ப் பாடுறது கோவில் வேலை இல்லையே?"

அதற்குப் பிறகு ஒழுங்கு இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்ததை எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கு இல்லை. ஆனால் வாக்குப் போட்டவர்களைவிட எங்களுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது. மோர்னிங்சைட் அக்கா பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் வருவியள்தானே? என்ரை தம்பிக்காக."

"தம்பிக்காகச் செபிக்கிறன், பிள்ளை. ஒவ்வொரு நாளும் செபிக்கிறன். ஆனால் உதுக்கு வரமாட்டன். சட்டப்படி வந்தவைக்கு ஒரு பயமும் இல்லை எண்டுதான் அவர் சொல்லுறார்."

"நீங்கள் ஆரின்ரை பாஸ்போட்டிலை அக்கா இஞ்சை வந்தனியள்?"

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தவர்கள். அதனால்தான் யாரும் அதைக் கேட்பதில்லை. அக்கா என்னை நேராகப் பார்த்தார். குரல் கொஞ்சமும் அசையவில்லை.

"வேறை ஒருத்தியின்ரை பாஸ்போட்டிலைதான் வந்தனான். ஓம். அதுக்காக, என்ரை பிள்ளையைச் சுட்டவனுக்கும் கதவைத் திறந்து விடச் சொல்லுறியே?"

"என்ரை தம்பி ஆரையும் சுடேல்லை."

"நான் அப்பிடிச் சொன்னனே?"

அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். அன்று நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். நான் கேட்டது உண்மை. அதற்காக இன்றும் வருந்தவில்லை. அந்த உண்மையால் ஒருவரும் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதுதான் என்னைத் தின்கிறது.

பதவியேற்பு நாள் கடும் குளிர். வேலை செய்யும் மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். கடைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் அவர் கையை உயர்த்திச் சத்தியம் செய்வது தெரிந்தது. மருந்து வாங்க வந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிடித்ததற்கா பிடிக்காததற்கா என்று தெரியவில்லை. இனி யாரையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன் என்று அப்போது நினைத்தேன். இவர் எந்தப் பக்கம் என்று.

மிஞ்சிய நாங்கள் ஒரு வான் வண்டியில் டவுன்டவுன் போனோம். பெரிய மண்டபம். வாசலில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம் பதாகைகளோடு உள்ளே வர நின்றவர்கள். றோட்டுக்கு மறுபக்கம் அந்த ஜனாதிபதியின் தேர்தல் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிலர், கனடாக் கொடியும் பிடித்துக்கொண்டு. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பொலிஸ்காரர்கள் குதிரைகளோடு நின்றார்கள். தொப்பிக்காரர்களில் ஒருவர் தமிழர். என் தம்பியின் வயது இருக்கும். எங்கள் சேலைகளைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார்: "வெக்கமாயில்லையோ உங்களுக்கு?" அண்ணை எங்களைக் குனிந்தபடி உள்ளே போகச் சொன்னார்.

மேடையின் பின்படிகளில் எங்களை நிறுத்தினார்கள். பல நாட்டுக் குழுக்கள், பல நிற உடைகள். முன்னால் ஒலிவாங்கிகள் வரிசையாகத் தொங்கின. எங்களுக்குக் கிடைத்த வரி "எமக்கும் ஒரு வழி" என்பது. நாலு வார்த்தைகூட இல்லை. கிழமைக்கணக்காக அதைப் பாடிப் பழகியிருந்தோம்.

அந்தப் பாடகி வந்தபோது மண்டபம் இரைந்தது. நல்ல குரல், அதை மறுக்க மாட்டேன். பாடும்போது அழுதார். எங்கள் முறை வந்தது. நாங்கள் வாயைத் திறந்தோம். பெரிய ஒலிபெருக்கிகளில் இருந்து எங்கள் வரி வந்தது, ஆனால் எங்கள் குரலில் அல்ல. வழவழப்பான, பிசிறில்லாத, தமிழ் தெரியாத யாரோவின் குரல்கள். "எமக்கும் ஒரு வலி" என்று பாடின. பக்கத்தில் நின்ற அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடுவதை நிறுத்தவும் முடியாது, கமராக்கள் எங்கள் மேல் இருந்தன. தொடர்ந்து வாயசைத்தோம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசைப் பெண்ணொருத்தி எங்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மகள் சவுண்ட்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"உங்கடை மைக் எல்லாம் ஓஃப், அம்மா. எல்லாக் கொயருக்கும்தான். ஸ்ரூடியோவிலை முதலே ரெக்கோர்ட் பண்ணினதைத்தான் போட்டவை. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஐ ஸ்வெயர், எனக்குத் தெரியாது." நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாடகி எங்களைக் கடந்து போனார். நாங்கள் மிக அழகானவர்கள் என்று சொல்லிக் கை அசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பி ஃபோன் எடுத்தான். அவன் ஃபோனில் முழுவதும் பார்த்திருக்கிறான்.

"நல்லாயிருந்தது அக்கா. பச்சைச் சேலை உனக்கு எடுப்பாயிருந்தது."

"பாட்டு?"

"அதுவும்தான்." பிறகு பேச்சை மாற்றினான். "எங்கடை ரெஸ்ரோரன்ட் முதலாளியும் பாத்தவர். அவர் அந்தாளுக்கு வாக்குப் போட்டவர். உன்ரை அக்காவோ, நல்லாப் பாடுறா எண்டார்."

"உன்னை ஒண்டும் சொல்லேல்லையே?"

"என்னத்தைச் சொல்லுறது? நீ இல்லாட்டி என்ரை கிச்சின் ஓடாது எண்டுதான் எப்பவும் சொல்லுறவர்."

வசந்தம் தொடங்கும்போது தம்பியின் வருடாந்தத் தவணை வந்தது. போகாதே என்று சொல்லலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் தேடி வருவார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். போனான். வெளியே வரவில்லை. அவன் எங்கே என்று தெரியாமல் நானும் மகளும் தொலைபேசியில் தொங்கினோம். தெற்கே ஏதோ ஒரு மாநிலத்தில், காட்டுக்குள் இருக்கும் ஒரு தடுப்பு நிலையத்தில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய முதலாளி அதிகாரிகளுக்கு எழுதினார். நல்ல மனிதன், உழைப்பாளி, கெட்டவர்களைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தேன் என்று. அவருக்கும் பதில் வரவில்லை.

மகள் அந்தப் பாடகியின் ஆட்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். எங்கள் அம்மா உங்கள் பின்னால் நின்று பாடியவர், இது அவருடைய தம்பி, ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று. தொடர்பு கொண்டமைக்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பும் பதில் ஒன்று வந்தது. மகள் இன்னும் இரண்டு தடவை எழுதினாள். பிறகு எழுதவில்லை. வேலையை விடப் போகிறேன் என்று கொஞ்சநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லாமல் விட்டாள்.

செய்தி மோர்னிங்சைட் அக்காவுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. அக்கா கையில் ஒரு சட்டியோடு நின்றார். மீன் குழம்பு. கண் வீங்கியிருந்தது. அழுதுவிட்டுத்தான் வந்திருந்தார். உள்ளே வந்து குசினிக் கதிரையில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை செய்யிறது? நான் மகனிட்டைக் கேட்டனான், தெரிஞ்ச லோயர் ஆரும் இருக்கினமோ எண்டு."

அவருடைய தோளில் தலையை வைத்துவிடலாம் போல இருந்தது. அப்போது அவர் சொன்னார்.

"கேஸ் சரியாய் இருந்தால் விட்டிடுவினம், பிள்ளை. பிழை ஒண்டும் இல்லாதவையைப் பிடிக்கமாட்டினம்."

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். என் கையை இழுத்துக்கொண்டேன். சட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் இறங்கும்போது வழுக்கப் பார்த்தார். பிடிக்கப் போனேன். அதற்குள் அவரே கைபிடியைப் பிடித்துக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்பும் வரை கதவில் நின்றேன்.

அவர் இப்போது வேறு பங்குக் கோவிலுக்குப் போகிறார். எழுந்து போன மற்றவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், ஆனால் கடைசி வரிசை வாங்கில் இருந்து பூசை கண்டுவிட்டுப் போய்விடுவார்கள். கீழ்க்குரல் பாட ஆளில்லை. போன பெரிய வெள்ளிக்கு அண்ணை பதிவு செய்த பாட்டுகளை ஒலிபெருக்கியில் போட்டார். அது நல்லாயிருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

தம்பியைக் கோடையில் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். விமான நிலையத்தில் நீண்ட நேரம் விசாரித்துவிட்டு விட்டார்கள். மன்னாரில் ஒரு தூரத்துச் சொந்தத்தின் வீட்டில் இருக்கிறான். அவ்வப்போது யாரோ வந்து அவனைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்களாம். வேலை இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பேன். வீடியோவைப் போட மாட்டான். போன கிழமையும் எடுத்தேன்.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

"என்ன சாப்பாடு?"

"சோறுதான்."

"வெளியிலை போனியே?"

"இல்லை அக்கா. என்னத்துக்கு?"

அவனுடைய பக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஃபோனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.